ஒரே சந்தை, இரு விற்பனையாளர்: ஜப்பானுக்குச் சென்ற ஒட்டுப்பலகையின் கணக்கு

கூரைக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கீழே முட்டுக்கொடுத்துப் பரப்பப்படும் பலகையை நாம் சென்டரிங் பலகை என்கிறோம். ஜப்பானியக் கட்டுமானத் தளங்களிலும் அதே வேலையைச் செய்யும் பலகை உண்டு. 12 மில்லிமீட்டர் தடிமன், 900 மில்லிமீட்டர் அகலம், 1,800 மில்லிமீட்டர் நீளம் என்பது அதன் வழக்கமான அளவு. வெப்பமண்டல மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கு நெடுக்காக அடுக்கி, பசையிட்டு அழுத்திச் செய்வது இந்தப் பிளைவுட். ஜப்பானில் இதனை 'லாவான்' பலகை என்று அழைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. லாவான் என்பது பிலிப்பைன்ஸ் நாட்டு மரத்தின் பெயர். பிலிப்பைன்ஸ் காடுகள் மெலிந்தபின் மரம் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரத் தொடங்கியது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இவ்விரு நாடுகளும் ஜப்பானிய ஒட்டுப்பலகைச் சந்தைக்காக நாற்பது ஆண்டுகளாகப் போட்டியிட்டு வருகின்றன. வணிகத்தைக் கற்போருக்கு இதைவிடத் தெளிவான பாடம் அமைவது அரிது. இரு நாடுகளுக்கும் போர்னியோ என்னும் ஒரே தீவில் பங்கு உண்டு. காட்டில் நிற்பது பெரும்பாலும் ஒரே மரவகை; மலேசியர் அதனை மெராந்தி என்பர், இந்தோனேசியரும் அவ்வாறே அழைப்பர். வாங்குபவர் ஒருவர். தரவிதிகளும் ஒன்றே. இத்தனையும் ஒன்றாக இருந்தும் இருவரின் சந்தைப் பங்கு ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்திற்கு எது காரணம் என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி வங்கி அலுவலருக்குப் புதியதன்று. ஏற்றுமதி செய்யும் வாடிக்கையாளர் நடைமுறை மூலதனக் கடன் கோரி வரும்போது, அவருடைய திட்ட அறிக்கையில் "இன்ன நாட்டின் இறக்குமதியில் நமது பங்கு உயர்ந்துள்ளது" என்ற வரி தவறாமல் இடம்பெறும். அந்த எண் பொய்யாக இருப்பதில்லை. ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1970-களில் இந்தோனேசியா உருட்டுமரத்தை அப்படியே விற்றது. ஜப்பானிய ஆலைகள் அதைச் சீவிப் பலகையாக்கின. மரம் தன்னுடையது, லாபம் பிறருடையது என்ற நிலை அந்நாட்டு அரசுக்குக் கசந்தது. 1980 முதல் உருட்டுமர ஏற்றுமதியைப் படிப்படியாகக் குறைத்து, 1985-ல் முற்றிலும் தடைசெய்தது. மரம் வேண்டுவோர் இனிப் பலகையாகத்தான் வாங்க வேண்டும். விளைவாக கலிமந்தானிலும் சுமத்ராவிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகள் எழுந்தன. சில ஆண்டுகளிலேயே இந்தோனேசியா உலகின் மிகப்பெரிய வெப்பமண்டல ஒட்டுப்பலகை ஏற்றுமதியாளராயிற்று.

அந்த ஆலைகள் தனித்தனியாக விற்கவில்லை. அதிபர் சுகார்த்தோவுக்கு நெருக்கமான பாப் ஹாசன் தலைமையில் இயங்கிய அப்கிண்டோ என்னும் ஆலையாளர் சங்கம், யார் எவ்வளவு எந்த விலைக்கு விற்கலாம் என்று நிர்ணயித்தது. ஜப்பானுக்கான விற்பனை நிப்பிண்டோ என்னும் ஒரே வாயில் வழியாகச் சென்றது. ஒற்றுமையாக விற்றால் விலை நிற்கும் என்பது கணக்கு. விலையும் ஓரளவு நின்றது. ஆனால் அந்த விலை இன்னொருவருக்கும் குடையாயிற்று. சரவாக், சபா மாநிலங்களின் மலேசிய ஆலையாளர் எந்தச் சங்கத்துக்கும் கட்டுப்படாமல், அப்கிண்டோ பிடித்து நிறுத்திய விலைக்குச் சற்றுக் கீழே விற்றால் போதும். வாங்குவோர் தாமே வந்தனர். ஒருவர் கட்டிய கூடாரத்தில் மற்றவர் கடை விரித்த கதை இது. விலையை உயர்த்திப் பிடிப்பவர் தம் போட்டியாளரின் முதலீட்டுக்கும் சேர்த்தே உத்தரவாதம் அளிக்கிறார் என்பதை ஏற்றுமதிக் கூட்டமைப்புகளை ஆதரிப்போர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1997-ல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. அவ்வாண்டின் நடுவில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 2,400 ரூபியாவாக இருந்த இந்தோனேசியச் செலாவணி, 1998-ன் நடுவில் 15,000-ஐயும் தாண்டிச் சரிந்தது. மலேசிய ரிங்கிட்டும் சரிந்தது. எனினும் 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 என அரசு அதனை நிறுத்தி, 2005 ஜூலை வரை அப்படியே வைத்திருந்தது. பாடநூலின்படி பார்த்தால், நாணய மதிப்பு அதிகம் வீழ்ந்த நாட்டின் சரக்கு மலிவாகி, அந்நாடு சந்தையை வாரிச் சுருட்டியிருக்க வேண்டும்.

அவ்வாறு நடக்கவில்லை. ஆலையின் செலவுக் கணக்கைப் பிரித்தால் காரணம் புலப்படும். கூலியும் மரமும் ரூபியாவில் அமைந்த செலவுகள். அவை டாலர் கணக்கில் மலிந்தன. ஆனால் ஆலை கட்ட வாங்கிய கடன் பெரும்பாலும் டாலரில் இருந்தது. இயந்திர உதிரிப்பாகங்களுக்கும் பசைக்குரிய வேதிப்பொருள்களுக்கும் டாலரே வேண்டும். இந்தோனேசிய வங்கிகள் திறந்த எல்.சி. எனப்படும் கடனுறுதிக் கடிதங்களை வெளிநாட்டு வங்கிகள் ஏற்கத் தயங்கிய காலம் அது. வாங்குபவரும் பேதையல்லர்: விற்பவரின் செலவு குறைந்துள்ளது என்று தெரிந்தவுடன் டாலர் விலையைக் குறைத்துக் கேட்பார். போதாக்குறைக்கு 1998-ல் ஜப்பானியப் பொருளாதாரமே சுருங்கியிருந்தது. நாணயச் சரிவின் ஆதாயத்தில் ஒரு பகுதி கடன்காரரிடமும் இன்னொரு பகுதி வாங்குபவரிடமும் போய்ச் சேர்ந்தது.

அதே ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் சர்வதேச நிதியத்துடன் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அப்கிண்டோவின் விற்பனை ஏகபோகமும் முடிவுக்கு வந்தது. ஆனால் இந்தோனேசிய ஆலைகளின் உண்மையான நோய் விலையிலும் இல்லை, நாணயத்திலும் இல்லை; மரத்தில் இருந்தது. நிறுவப்பட்ட ஆலைத்திறனுக்கு வேண்டிய மரம், சட்டப்படி வெட்ட அனுமதித்த அளவைவிட மிகுதி. இடைவெளியைச் சட்டவிரோத வெட்டுமரம் நிரப்பியது. 2000-களின் தொடக்கத்தில் அரசு இயற்கைக் காடுகளின் ஆண்டு வெட்டளவைக் கடுமையாகக் குறைத்தபோது ஆலைகள் பல நின்றன. நெருக்கடிக்குப்பின் இந்தோனேசிய வங்கிச் சீரமைப்பு முகமையின் கைக்கு வந்த வாராக் கடன்களில் மரத்தொழில் குழுமங்களின் கடன்களும் பெருமளவில் இருந்தன. கடன் கொடுத்த வங்கிகள் ஏற்றுமதி வருவாயைப் பார்த்தன, சந்தைப் பங்கைப் பார்த்தன; பத்தாண்டு கழித்து அந்த ஆலைக்கு மரம் எங்கிருந்து வரும் என்று போதிய அளவு கேட்கவில்லை. தொழில்முறையில் நமக்கு இந்த வரலாற்றில் மிகவும் உறுத்தும் பகுதி இதுவே. ஆலை மூடினால் பங்குதாரர் இழப்பது முதலை. பிற வேலை எதுவும் இல்லாத ஆற்றங்கரை ஊர்களில் ஏடு சீவும் வரிசையில் நின்ற தொழிலாளர் இழப்பது வீட்டு வருமானத்தை.

2000-களின் நடுவில் மலேசியா, ஜப்பானுக்கு ஒட்டுப்பலகை அளிப்போரில் முதலிடத்தைப் பிடித்தது. அதில் சரவாக்கின் பங்கே பெரிது. அக்காலத்தில் பிந்துலுவிலோ சிபுவிலோ ஆலை வைத்திருந்த ஒருவர் தம் வங்கியிடம் சென்றிருந்தால், எத்தகைய அட்டவணையைக் காட்டியிருப்பார்? இந்தோனேசியாவின் பங்கு இறங்கு வரிசையிலும் தம் நாட்டின் பங்கு ஏறு வரிசையிலும் இருந்திருக்கும். பார்க்கும் எவருக்கும் நம்பிக்கை பிறக்கும்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நாமே வைத்துக்கொண்டவை. ஒரு நாட்டின் ஒட்டுப்பலகை இறக்குமதி முதலாம் ஆண்டில் 100 அலகு. அதில் அ என்னும் நாடு விற்றது 30. பதினைந்து ஆண்டு கழித்து இறக்குமதி 60 அலகு; அ நாடு விற்றது 24. பங்கு 30 விழுக்காட்டிலிருந்து 40 ஆக உயர்ந்துவிட்டது. விற்பனையோ 6 அலகு குறைந்துள்ளது. இதைப் பகுத்தாய வணிகவியலார் நிலையான சந்தைப் பங்கு என்னும் முறையைக் கையாள்வர். பழைய பங்காகிய 30 விழுக்காடே நீடித்திருந்தால் 60-ல் 18 அலகுதான் விற்றிருக்கும். ஆகவே 30-லிருந்து 18-க்கு இறங்கிய 12 அலகு சந்தை சுருங்கியதால் நேர்ந்த இழப்பு. 18-லிருந்து 24-க்கு ஏறிய 6 அலகு போட்டித்திறனால் வந்த ஆதாயம். சந்தை சுருங்கியும் நாம் திறமையாக நின்றோம் என்று அ நாட்டு ஆலையாளர் மார்தட்டலாம்.

இப்போது ஒரே ஒரு சொல்லின் பொருளை மாற்றுவோம். சந்தை என்றால் இறக்குமதி என்று கொண்டோம். வாங்கும் நாட்டின் சொந்த ஆலைகளும் அதே பலகையைச் செய்கின்றன அல்லவா? முதலாம் ஆண்டில் உள்நாட்டு ஆலைகள் 60 அலகு விற்றன, பதினைந்தாம் ஆண்டில் 100 என்று வைப்போம். மொத்த நுகர்வு இரு ஆண்டிலும் 160. அதாவது சந்தை சுருங்கவே இல்லை. அ நாட்டின் பங்கு 18.75 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைந்துவிட்டது. இழந்த 6 அலகும் போட்டியில் தோற்று இழந்தவையே. முன்பு கூட்டல் குறியோடு நின்ற அதே 6, இப்போது கழித்தல் குறியோடு நிற்கிறது. எந்த எண்ணும் மாறவில்லை; எதை வகுக்கும் எண்ணாகக் கொண்டோம் என்பது மட்டுமே மாறியது.

ஜப்பானில் நடந்தது ஏறக்குறைய இதுதான். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நாடு ஏறத்தாழ 50 லட்சம் கன மீட்டர் ஒட்டுப்பலகையை இறக்குமதி செய்தது. அண்மை ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தோனேசியரும் மலேசியரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாமவர் உள்ளே வந்தார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பானிய மலைச்சரிவுகளில் பெருமளவில் நடப்பட்ட சுகி என்னும் ஊசியிலை மரம் நூற்றாண்டின் திருப்பத்தில் வெட்டும் பருவத்தை எட்டியது. அது பருத்த மரமன்று, மெலிந்த தண்டு. நடுவில் பிடித்துச் சுழற்றும் அச்சு இல்லாமலே தண்டைச் சீவும் கடைசல் இயந்திரங்கள் வந்தபின், மெலிந்த தண்டையும் வீணின்றி ஏடாக்க முடிந்தது. 24, 28 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஊசியிலைப் பலகை வீடுகளின் தரைக்குப் பரவலாகப் பயன்படத் தொடங்கியது. 2000-ல் ஜப்பானிய ஒட்டுப்பலகை ஆலைகள் சீவிய மரத்தில் உள்நாட்டு மரம் மிகச் சிறு பகுதி. இன்று அதுவே பெரும்பகுதி.

இந்த மூன்றாமவரைக் கணக்கில் கொண்டால் செலாவணியின் பாடமும் மாறுகிறது. ஒட்டுப்பலகையின் ஏற்றுமதி விலை டாலரில் பேசப்படுகிறது. ஜப்பானிய இறக்குமதியாளர் யென்னில் விற்கிறார். ரூபியாவா ரிங்கிட்டா என்பது அண்டைவீட்டாரின் போட்டி. யென் வலுவிழந்தால் இருவரின் பலகையும் ஒருசேர விலையேறும். சுகிப் பலகை மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். 2011-ல் டாலருக்கு 75 யென் வரை வலுத்த நாணயம், 2022-ல் 150-ஐத் தொட்டது. போட்டியாளரின் நாணயத்தை நாள்தோறும் கவனிக்கும் ஏற்றுமதியாளர், வாங்குபவரின் நாணயத்தையும் அதே கருத்தோடு கவனிக்க வேண்டியதன் காரணம் இது.

சுகி எல்லா இடத்தையும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கான்கிரீட்டைத் தாங்கும் பலகைக்கு வழுவழுப்பான, கணுவற்ற மேற்பரப்பு தேவை. அதில் வெப்பமண்டல மரத்துக்கு இன்றும் மதிப்பு உண்டு. தரை அலங்காரத் தகட்டின் அடியில் ஒட்டும் அடித்தளப் பலகையிலும் மெல்லிய பலகையிலும் அப்படியே. மலேசியா பெரும்பாலும் கான்கிரீட் வார்ப்புப் பலகையிலும், இந்தோனேசியா மெல்லிய பலகையிலும் தரையின் அடித்தளப் பலகையிலும் ஊன்றி நின்றன. ஆகவே இருவரையும் 'ஒட்டுப்பலகை' என்ற ஒரே தலைப்பின்கீழ் ஒப்பிடுவது, இட்லி அரிசியையும் பாசுமதியையும் 'அரிசி' என்று கூட்டிப் பங்கு பார்ப்பது போன்றதாகிவிடும். கட்டுமானம் மந்தமானால் ஒருவர் அதிகம் இழப்பார். வீட்டுத் தரை விற்பனை மந்தமானால் மற்றவர். அதைத் திறமைக் குறைவென்று கொள்வது நியாயமன்று.

மலேசியாவின் முதலிடமும் நிலைக்கவில்லை. 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தோனேசியா மீண்டும் அதனோடு சமமாக வந்து நின்றது. இம்முறையும் காரணம் மரமே. சரவாக்கின் இயற்கைக் காடுகளில் எளிதில் எட்டும் மரம் குறைந்துகொண்டே வந்தது. 2017 ஜூலையில் மாநில அரசு மலைக்காட்டு மரத்துக்கான கூடுதல் கட்டணத்தைக் கன மீட்டருக்கு 80 சென்னிலிருந்து 50 ரிங்கிட்டாக உயர்த்தியது. அரசின் நோக்கில் அது நியாயமான வருவாய். ஆலையின் நோக்கில் ஒரே இரவில் மாறிய மூலப்பொருள் விலை. இதில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு பங்குண்டு. சரவாக் உருட்டுமரத்தை வாங்குவோரில் இந்தியா பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. அதாவது காண்ட்லாவில் இறங்கிய மரம், சரவாக் ஆலைக்குக் கிடைக்காத மரம்.

இந்தோனேசியாவோ இதற்குள் வேறு வழி கண்டிருந்தது. ஜாவாவின் சிறு விவசாயிகள் வீட்டுக் கொல்லையிலும் வரப்பிலும் வளர்க்கும் செங்கோன் என்னும் விரைவில் வளரும் மரத்தை ஆலைகள் நடுஏடாகப் பயன்படுத்தின. மேல்ஏட்டுக்கு மட்டும் காட்டுமரம். ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டக்கூடிய மரம் அது. ஒருகாலத்தில் காட்டு உரிமம் பெற்ற பெருங்குழுமங்களின் கையிலிருந்த மூலப்பொருள் இன்று பெருமளவில் உழவரின் நிலத்திலிருந்து வருகிறது. ஆலையின் எதிர்காலத்தை மதிப்பிடும் அலுவலருக்கு இந்த ஒரு செய்தி, பத்தாண்டுச் சந்தைப் பங்கு அட்டவணையைவிடப் பயனுள்ளது என்பது நம் கருத்து.

விதிமுறைகளைப் பற்றியும் சில சொற்கள். 2003 ஜூலையில் ஜப்பான் தன் கட்டட விதிகளைத் திருத்தி, பசையிலிருந்து வெளியேறும் பார்மால்டிஹைடு வாயுவுக்கு வரம்பு விதித்தது. நான்கு விண்மீன் குறி பெற்ற பலகையே உள்ளறைகளில் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தத்தக்கதாயிற்று. இரு நாட்டு ஆலைகளும் பசையை மாற்ற நேர்ந்தது. முதலில் மாற்றியவர் வாடிக்கையாளரைத் தக்கவைத்தார். 2017 மே மாதம் மரத்தின் சட்டப்பூர்வத் தன்மையைக் கேட்கும் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான புதிய தேசிய அரங்கின் கட்டுமானத்தில் வெப்பமண்டலப் பலகை பயன்பட்டது குறித்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் கேள்வி எழுப்பின. மரம் எந்தக் காட்டில் வெட்டப்பட்டது என்ற தாளைக் காட்ட இயலாத பலகைக்கு மலிவு விலை மட்டும் துணையாகாத காலம் தொடங்கிவிட்டது. இந்தோனேசியா 2009-லேயே மரச் சட்டப்பூர்வச் சரிபார்ப்பு முறையை வகுத்திருந்தது, அப்போது சுமையாகத் தோன்றியது, பின்னர் உதவியது. மறுபுறம், பசிபிக் கடல்கடந்த கூட்டாண்மை உடன்படிக்கை 2022 நவம்பர் 29 முதல் மலேசியாவுக்கு நடைமுறைக்கு வந்துள்ளது. இந்தோனேசியா அதில் இல்லை. சுங்கவரியின் பலன் படிப்படியாகவே கிட்டும் என்பதால் இதன் விளைவை அளக்க இன்னும் சில ஆண்டுகள் வேண்டும்.

ஏற்றுமதி செய்யும் நம் வாடிக்கையாளர்கள், பின்னலாடையோ மீனோ மரச்சாமானோ எதுவாயினும், இத்தகைய ஒப்பீட்டைத் தாமே செய்துகொள்ளலாம். பங்கை மதிப்பில் மட்டும் பார்க்காமல் அளவிலும் பார்க்க வேண்டும். விலை ஏறிய ஆண்டில் மதிப்புப் பங்கு ஏமாற்றும். ஓராண்டை இன்னோராண்டோடு ஒப்பிடாமல் மூன்றாண்டுச் சராசரிகளை ஒப்பிடுவது நலம். ஒப்பிடும் பொருள் உண்மையில் ஒன்றுதானா என்பதைச் சுங்கக் குறியீட்டின் ஆறு இலக்கம் வரை சென்று உறுதிசெய்ய வேண்டும். ஒட்டுப்பலகைக்கு 4412 என்ற நான்கு இலக்கத்தோடு நின்றால் மெராந்தியும் ஊசியிலையும் ஒரே கூடையில் விழும்.

மிகவும் கடினமானது வாங்கும் நாட்டின் உள்நாட்டு உற்பத்தியைத் தேடிப் பிடிப்பது. ஜப்பானில் இறக்குமதிப் புள்ளிவிவரத்தை வெளியிடுவது நிதி அமைச்சகத்தின் சுங்கத்துறை. ஒட்டுப்பலகை உற்பத்தியையும் இருப்பையும் வெளியிடுவது வேளாண்மை, வனம், மீன்வள அமைச்சகம். அலுவலகம் வேறு, அட்டவணை வேறு, பெரும்பாலும் மொழியும் ஜப்பானியமே. சுங்கத்துறையின் அட்டவணையை மட்டும் ஆண்டுதோறும் புரட்டி வந்த ஒருவருக்கு, சுகி என்ற சொல் ஒருமுறைகூடக் கண்ணில் பட்டிருக்காது.